டொராண்டோ கண்டெடுத்த எழுத்து

செயற்கை மொழிகளின் கதை – பகுதி 11

சென்ற வாரம் சார்லஸ் பிளிஸ்ஸை சிட்னியில் விட்டுவிட்டு வந்தோம். மனைவி கிளேர் இறந்துவிட்டார். வீட்டில் விற்காத புத்தகங்கள் அடுக்கிக் கிடக்கின்றன. உலகத்தையே ஒன்றாக்கும் என்று அவர் நம்பிய எழுத்தில் அவரைத் தவிர எழுதுவார் யாருமில்லை.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக முன்கதைச் சுருக்கம்.

1897இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரத்தில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் கார்ல் பிளிட்ஸ். அந்த ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. ஜெர்மன், ருமேனியன், உக்ரேனியன், போலிஷ், யித்திஷ் என்று பல மொழிகள் புழங்கிய ஊர். மொழிக்கு மொழி பகையும் இருந்தது. வியன்னாவில் வேதியியல் பொறியியல் படித்து 1922இல் பட்டம் வாங்கினார்.

1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் தாகாவ் முகாம், அடுத்து புகன்வால்ட். ஜெர்மானியக் கத்தோலிக்கரான கிளேர் அலையாய் அலைந்து 1939இல் அவரை மீட்டார். உடனே நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்து போனார். ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய காலத்தில் 'பிளிட்ஸ்' என்ற பெயரோடு அங்கே எப்படி நடமாடுவது? பிளிஸ் ஆனார்.

1940 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கணவனும் மனைவியும் ஷாங்காயில் மீண்டும் சேர்ந்தார்கள். ஜப்பானியர்கள் யூத அகதிகளை ஹோங்க்யூ பகுதிக்குள் அடைத்தபோது, கிளேர் விவாகரத்து வாங்கிக்கொண்டு வெளியிலேயே இருந்திருக்கலாம். அவரும் கூடவே உள்ளே போனார்.

ஷாங்காயில்தான் பொறி தட்டியது. வாத்தியார் வைத்துச் சீன எழுத்துகளைக் கற்ற பிளிஸ், கடைப் பலகைகளையும் செய்தித்தாள் தலைப்புகளையும் படிக்கத் தொடங்கினார். ஒரு கட்டத்தில்தான் கவனித்தார்: கண் சீன எழுத்தில் ஓடுகிறது, மனம் தாய்மொழியில் வாசிக்கிறது. அப்படியானால், எந்த நாட்டுக்காரரும் அவரவர் மொழியிலேயே வாசித்துக்கொள்ளும்படி ஓர் எழுத்தை உருவாக்க முடியாதா?

சீன எழுத்துகளில் பெரும்பாலானவை ஒலிக்கும் ஒரு பாகத்தை ஒதுக்கிவைத்திருப்பவை. எனவே பிளிஸ் பார்த்தது பாதி உண்மைதான். அவருக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

1946இல் சிட்னி. பகலில் கூலி வேலை, இரவில் குறியீடுகள். 1949இல் 'செமான்டோகிராஃபி' என்ற பெயரில் 3 தொகுதிகள் வந்தன. கிளேர் உலகெங்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கல்வியாளர்களுக்கும் 6,000 கடிதங்கள் அனுப்பினார். தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் போன்ற ஓரிருவர் பாராட்டினார்கள். மற்றபடி மௌனம். 1961இல் கிளேர் போனார்.

1965இல் இரண்டாம் பதிப்பு. இதில் ஒரு சின்ன மாற்றம். விமான நிலையம், ரயில் நிலையம், சாலை என்று எங்கும் பொதுக் குறியீடுகளை ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. தன் குறிகளை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பிளிஸ் பயந்தார். எழுத்தின் பெயரோடு தன் பெயரையே சேர்த்துவிட்டார்: பிளிஸ்ஸிம்பாலிக்ஸ்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

அந்த எழுத்து எப்படித்தான் இருக்கும்?

மேலே ஒரு கோடு, அது வானம். கீழே ஒரு கோடு, அது பூமி. இவற்றுக்கு நடுவேயுள்ள சதுரத்துக்குள்தான் எல்லாக் குறிகளும் உட்கார வேண்டும். எந்தக் குறி மேல்கோட்டைத் தொடுகிறது, எது கீழே கிடக்கிறது, எது பாதி அளவு என்பதிலெல்லாம் பொருள் மாறும்.

நெளிகோடு போட்டால் தண்ணீர். அதோடு கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் மழை. இதய வடிவம் உணர்ச்சி. மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிச் சேர்ந்தால் வருத்தம். மனிதக் குறிக்குப் பக்கத்தில் 1 என்று போட்டால் நான், 2 என்றால் நீ. நாற்காலியையும் தண்ணீரையும் சேர்த்தால் கழிப்பறை! சுமார் 100 அடிப்படைக் குறிகள் இருந்தால் மற்றதையெல்லாம் கூட்டியே உண்டாக்கிவிடலாம் என்பது பிளிஸ்ஸின் கணக்கு. வேதியியல் படித்தவர் அல்லவா, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தண்ணீர் எழுதும் முறை கையில் ஊறியிருந்தது.

பெயர்ச்சொல், வினைச்சொல் என்று இலக்கண ஆசிரியர்கள் பேசுவது அவருக்கு ஆகாது. குறியின் தலைக்கு மேல் சின்னச் சதுரம் போட்டால் அது பொருள். எரிமலையைப் போல நிமிர்ந்து நிற்கும் கூம்பு போட்டால் செயல். அதே கூம்பைத் தலைகீழாக நுனியில் நிறுத்தினால், அது மனிதர்கள் சொல்லும் மதிப்பீடு. நல்லது, அழகானது, கெட்டது, கீழானது எல்லாம் இந்த வகை. ஏன் நுனியில் நிற்கிறது? எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும், அதனால்தான்.

இந்தத் தலைகீழ்க் கூம்புக்குள் புகன்வால்ட் இருக்கிறது. மேடைப் பேச்சில் 'கீழான இனம்' என்ற தொடர் ஓர் உண்மையைப் போல ஒலிக்கும். பிளிஸ்ஸின் எழுத்தில் எழுதினால் அதன் தலையில் கூம்பு ஆடிக்கொண்டிருக்கும்; இது வெறும் அபிப்பிராயம் என்று படிப்பவருக்கு அது சொல்லிவிடும். பொய்யைத் தோலுரிக்கும் எழுத்து ஒன்று இருந்தால் இன்னொரு ஹிட்லர் எழ முடியாது என்று அவர் மனதார நம்பினார். நம்பிக்கை வெகுளித்தனமானதுதான். ஆனால் அதை முகாமில் கிடந்து திரும்பிய ஒருவர் வைத்திருந்தார் என்பதால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

* * *

1971. கனடாவின் டொராண்டோ நகரம். உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒன்டாரியோ மையம்.

அங்கே பெருமூளை வாதம் பாதித்த குழந்தைகள் இருந்தார்கள். செரிப்ரல் பால்ஸி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கை, கால், நாக்கு, தொண்டை எதுவும் சொன்னபடி கேட்காது. காது கேட்கும். பேசுவது புரியும். பதில் மட்டும் வெளியே வராது.

அவர்களிடம் இருந்தது படப் பலகை. கோப்பைப் படம், சாப்பாட்டுப் படம், கழிப்பறைப் படம். குழந்தை படத்தைக் காட்டும், பெரியவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். தாகம் என்று சொல்லலாம். நேற்றைப் பற்றிப் பேச வழியில்லை. ஏன் என்று கேட்க வழியில்லை. 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்பதற்கு எந்தப் படத்தை வரைவது?

எழுத்துக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று தோன்றும். ஆங்கில எழுத்து ஒலியைப் பிடித்துக்கொண்டு நடப்பது. வாயால் ஒலியை உண்டாக்கிப் பார்த்தே அறியாத சின்னக் குழந்தைக்கு ஒலியைப் பிரித்து எழுத்துக் கூட்டுவது எளிதல்ல. கற்றவர்கள் உண்டு, ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும். 5 வயதுக் குழந்தை அதுவரை பேசாமல் காத்திருக்க வேண்டுமா?

மையத்தின் ஆசிரியை ஷெர்லி மெக்நாட்டனையும் அவருடைய சகாக்களையும் அரித்த கேள்வி இதுதான். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். தேடினார்கள். உலகத்துக் குறியீடுகளைப் பற்றி எலிசபெத் ஹெல்ஃப்மன் எழுதிய ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. அதில் ஆஸ்திரேலியாவில் வாழும் யாரோ ஒரு பிளிஸ்ஸைப் பற்றிச் சில பக்கங்கள்.

திருப்புமுனை அந்தச் சில பக்கங்கள்தான். 6,000 கடிதங்கள் திறக்காத கதவு, கடிதமே போகாத ஒரு வகுப்பறையில் திறந்தது.

* * *

சக்கர நாற்காலியின் குறுக்கே ஒரு பலகை. அதில் கட்டம் கட்டமாகக் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் கூடவே ஆங்கிலச் சொல் அச்சிடப்பட்டிருக்கும். எதிரே இருப்பவருக்குக் குறி தெரிய வேண்டியதில்லை, சொல்லைப் படித்துக்கொள்வார். குழந்தை விரலால் காட்டும். விரல் நிற்காவிட்டால் முஷ்டியால். அதுவும் முடியாவிட்டால் கண்ணால்.

குழந்தைகள் பிடித்துக்கொண்ட வேகம் ஆசிரியர்களே எதிர்பாராதது.

காரணம் இருக்கிறது. இந்தக் குறிகள் வெறும் படங்களாக இருந்திருந்தால் பலகையில் இருப்பதை மட்டும்தான் சொல்ல முடியும். இவை கூட்டக்கூடியவை. பலகையில் இல்லாத சொல்லையும் குழந்தையே உண்டாக்கலாம்.

ஹாலோவீன் பண்டிகைக்கு என்ன வேஷம் போடப்போகிறாய் என்று கேட்டதற்கு ஒரு குழந்தை நான்கு குறிகளைத் தொட்டுக் காட்டியது. பிராணி. குடி. ரத்தம். இரவு.

டிராகுலா!

அந்தப் பலகையில் டிராகுலாவுக்குக் குறி கிடையாது. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அதுவரை கேட்டதற்குக் கண்ணசைத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை, தானாக ஒரு சொல்லைச் செய்து எதிரே இருப்பவருக்கு விடுகதையாகப் போடுகிறது. வில்கின்ஸ் 1668இல் லண்டனில் உலகத்தையே பட்டியல் போட்டு உருவாக்கிய தத்துவ மொழியை இரண்டாம் பகுதியில் பார்த்தோமே, அதில் இப்படி ஒரு வேடிக்கையைச் சொன்னவர் யாராவது இருந்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு. பிளிஸ் ஒலியைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் அரசியல். பேச்சு மொழிதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, பேச்சு மொழிதான் பகையை மூட்டுகிறது, எனவே எழுத்தில் பேச்சொலியே கூடாது என்பது அவர் கட்சி. பேசத் தெரிந்த உலகத்துக்கு அந்த எழுத்து தேவைப்படவில்லை. ஒலி இல்லாதது அங்கே ஒரு குறை. பேச முடியாத குழந்தைக்கோ அதுவே வரம். வேறொரு நோய்க்குத் தயாரித்த மருந்து இங்கே கேட்டது.

* * *

சிட்னிக்குச் செய்தி போனது. 74 வயதுக் கிழவர் ஆனந்தக் கூத்தாடினார்.

1972இல் டொராண்டோ வந்து இறங்கினார். குழந்தைகளுக்கு அவரைக் கண்டதும் பிடித்துப்போயிற்று. கட்டிப்பிடிப்பார், மாண்டலின் வாசிப்பார், பாடுவார், அழுவார், குறிகளின் கதைகளைச் சொல்லுவார். 1974இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியமும் ஃபிலிம் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து எடுத்த 'மிஸ்டர் சிம்பல் மேன்' என்ற ஆவணப்படம் உலகுக்கு அவரை அறிமுகப்படுத்தியது. வாழ்நாள் முழுவதும் தட்டிக்கழிக்கப்பட்டவர் திரையில் நாயகனாக நின்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எல்லாம் சுபம். முடியவில்லை.

முதல் உரசல் நோக்கத்தில் எழுந்தது. ஆசிரியர்களுக்கு இந்தக் குறிகள் ஓர் ஏணி. குழந்தை இதில் ஏறி, ஆங்கில எழுத்துகளையும் ஆங்கில வாசிப்பையும் எட்டிவிட்டால் அவர்கள் வேலை வெற்றி. பல குழந்தைகள் அப்படி எட்டவும் செய்தார்கள். எந்தப் பள்ளி ஆசிரியையும் இதைக் கண்டு மகிழத்தான் செய்வார்.

பிளிஸ்ஸுக்கு அது தோல்வி. ஆங்கிலம், ஜெர்மன் என்று பிரிந்து கிடக்கும் மொழிகளைத் தாண்டிப் போகத்தான் அவர் இதைச் செய்தார். அதைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் ஆங்கிலத்துக்குப் போவதா?

இரண்டாவது உரசல் இன்னும் ஆழமானது. வகுப்பறைக்குப் புதுச் சொற்கள் தினமும் வேண்டியிருந்தன. ஒரு குழந்தைக்குப் பிடித்த விளையாட்டு, இன்னொரு குழந்தையின் வீட்டில் நடந்த சம்பவம், அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் சிட்னிக்கு எழுதி அனுமதி வாங்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆசிரியர்கள் தாங்களே குறிகளைக் கூட்டினார்கள். குழந்தை சொந்தமாகச் செய்த சொல் இது என்று காட்டுவதற்கே ஒரு தனி அடையாளம் வந்தது. சொல்லின் எதிர்ப்பொருளைச் சொல்ல ஒன்று, அதைப் போலிருப்பதைச் சொல்ல ஒன்று, ஒரு பொருளின் பகுதியைச் சொல்ல ஒன்று என்று உத்திக் குறிகளும் சேர்ந்தன. வேகமாகப் பேச வேண்டிய குழந்தைக்கு இவையெல்லாம் குறுக்குவழிகள்.

பிளிஸ்ஸின் கண்ணுக்கு அவை பிழைகள். இந்தக் கோடு இவ்வளவு நீளம் இருக்கக் கூடாது. இந்தக் குறி கீழ்க்கோட்டைத் தொடக் கூடாது. இந்தச் சேர்க்கைக்கு நான் சொன்ன விளக்கம் வேறு. பாடப்புத்தகத்தில் நீங்கள் எழுதியிருப்பது வேறு. யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

கடிதம் மேல் கடிதமாக வந்தது. பாராட்டு போய்க் கண்டனம் வந்தது. கண்டனம் போய் மிரட்டல் வந்தது.

* * *

பிளிஸ்ஸை ஒரு முசுட்டுக் கிழவராக மட்டும் காட்டிவிடுவது சுலபம். அவரைப் பற்றி எழுதும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும்.

அவருடைய எழுத்தில் துல்லியம் அழகுக்காக வைத்தது அல்ல. பொய் நுழையாமல் காக்கும் வேலி அது. ஒரு கோட்டை இஷ்டத்துக்கு நீட்டலாம் என்றால், நாளைக்கு யாரோ ஒருவன் தலைகீழ்க் கூம்பை எடுத்துவிட்டுச் சதுரத்தைப் போடுவான், அபிப்பிராயம் உண்மையாகிவிடும். முகாமில் இருந்து உயிர் தப்பியவருக்கு அது இலக்கணப் பிரச்சினையாகத் தெரிந்திருக்காது.

கிளேரும் இதற்காகவே தேய்ந்து போனார். இந்த எழுத்தில் கை வைப்பது அவருடைய உழைப்பில் கை வைப்பது.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் மனம் ஆசிரியர்கள் பக்கம்தான் சாய்கிறது. தன் எழுத்தில் ஒருவர் கூடப் பேசாத 20 ஆண்டுகளில் அந்தத் துல்லியத்தை யாரும் கெடுக்கவில்லை, கெடுக்க ஆளில்லை. ஒரு குழந்தை பேச ஆரம்பித்த முதல் நாளே அது கலைய ஆரம்பித்தது. புழங்கும் எழுத்து வேறு எப்படி இருக்கும்?

இந்தத் தொடரில் இதற்கு முன் இரண்டு பேர் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். வோலபுக்கை உருவாக்கிய பாதிரியார் ஷ்லையர் கடைசிவரை முடிவு தன்னுடையதே என்று பிடித்துவைத்தார். அவருடைய இயக்கம் கண்ணெதிரே உடைந்தது. எஸ்பெராண்டோவின் ஸாமென்ஹாஃப் 1887இல் முதல் புத்தகத்திலேயே மொழி சமூகத்தின் சொத்து என்று சொல்லித் தன் உரிமைகளைத் துறந்தார். எஸ்பெராண்டோ இன்னும் பேசப்படுகிறது.

பிளிஸ் எந்த வழியில் போனார்?

முதலில் சமாதானம் போலத்தான் தெரிந்தது. 1975இல் டொராண்டோவில் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைந்தது. மெக்நாட்டன் அதன் இயக்குநர். ஊனமுற்றவர்களுக்காகக் குறிகளைப் பயன்படுத்தும் உரிமையை பிளிஸ் அதற்கு எழுதிக்கொடுத்தார். டொராண்டோவைத் தாண்டி வேறு நாடுகளுக்கும் பலகைகள் போக ஆரம்பித்தன.

இரண்டே ஆண்டுகள். 1977இல் பிளிஸ் ஒப்பந்தம் மீறப்பட்டுவிட்டது என்றார். என் எழுத்தின் மீது எனக்கிருந்த பிடியைப் பறித்துவிட்டார்கள் என்றார். 80 வயதில் வக்கீலைக் கூட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார்.

எதிர்த் தரப்பில் நின்றது ஊனமுற்ற குழந்தைகளின் பள்ளி. அவர் வென்றால் பலகைகளில் உள்ள குறிகளை அழித்துத் திருத்த வேண்டும். தோற்றால், அவர் பெயரைத் தாங்கிய எழுத்து அவருடையதாக இல்லாமல் போகும். டிராகுலாவுக்குச் சொல் செய்த குழந்தை அதற்கு யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்?

வழக்கு எப்படி முடிந்தது, பணம் எவ்வளவு கைமாறியது, எழுத்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் தீர்ப்பை ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள்: பிளிஸ்ஸா, மெக்நாட்டனா?

(தொடரும்)